போறேன்னு சொல்லப்படாது

உள்ள வரலாமுங்களா? சாப்பாட்டு நேரத்துல வந்துட்டனாட்டம் இருக்குது. எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. கதவு பாதி சாத்தியிருந்துச்சு, ஆளில்லையோன்னு திரும்பிப் போகப் பாத்தேன். அப்பறம் பாத்தா வாசல்ல ரெண்டு சோடி செருப்புக் கெடக்குது. சரி, ஆளிருக்குதுன்னு வந்தனுங்க. அதுல ஒரு சோடி புத்தம் புதுசாட்டம் இருக்குதே, கடையில ஒட்டின சீட்டைக்கூட இன்னும் கிழிக்கல. உங்க காலுக்குச் சின்னதா இருக்குமேங்க்கா அது? கடைக்காரன் ஏமாத்திப்போட்டானா? அவனுக அப்படித்தானுங்க. போட்டுப் பாக்கறப்ப நல்லா இருக்கும், ஊட்டுக்கு வந்தாக் கடிக்கும்.

நான் புஸ்தகம் எடுக்க வரலீங்க. குடுக்கறதுக்கு வந்தேன். இதா, 'வெள்ளைக்கல் பங்களா'. மங்கை வாடகை நூலகம், உடுமலை. உங்க சீல்தானுங்களே இது?

என்ற பேரு திருமூர்த்தி. ரயில்வே கேட்டுக்கு அக்கட்ட இருக்கற நூல் மில்லுல ஸ்டோர் கீப்பரா இருக்கறனுங்க. சாந்தாமணி ஊட்டுக்காரர்னு சொன்னா உங்களுக்குத் தெரியும்னு நெனைக்கறேன்.

தண்ணியக் கீழ ஊத்திட்டீங்க பாருங்க. பரவால்ல, பரவால்ல. நான் சண்டைக்கு வந்த ஆளில்லீங்க்கா. மில்லுல ஆரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, திருமூர்த்தி ஒருக்காலாவது சத்தம் போட்டுப் பேசியிருக்கறானான்னு. எல்லாத்தையும் மெதுவாச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். மெதுவாச் சொன்னாலே போதுமுங்க, கேக்கறவங்க கேட்டுக்குவாங்க.

இங்க கதவோரமாவே உக்காந்துக்கறேன். காத்து வருது.

மொதல்ல இதைச் சொல்லுங்க. ஒரு லைப்ரரிக்காரங்க புஸ்தகத்தை இப்படிப் பிச்சு வெப்பாங்களா? வாடகை லைப்ரரின்னா காலிகோ துணி ஒட்டின பைண்டு, கெட்டி அட்டை, அதுதான நம்மளுக்குத் தெரிஞ்சது. இதுல அட்டையுமில்ல, பைண்டுமில்ல. தையலைப் பிரிச்சுக் கட்டுக் கட்டா ஆக்கிப்போட்டிருக்குது. ஊட்டுல அரிசி டின்னுக்கு அடியில கெடந்துச்சு. நான்தான் வரிசைப்படி அடுக்கிச் சணல் போட்டுக் கட்டிக்கொண்டாந்தேன். ஸ்டோர்ல இருக்கற ஆளுங்க நான், ஒரு பொருளு சீரழிஞ்சு கெடந்தா எனக்குச் சோறு எறங்காது.

ஆரு பிச்சதுன்னு நெம்ப நேரம் ரோசனை பண்ணேன். அவளுக்கு அந்தத் தைரியம் வராது. அப்பறம் சன்னலைப் பாத்தேன், வெளங்கிப்போச்சு. என்ற ஊட்டு சன்னலுக்குக் கம்பி போட்டு, கம்பிக்கு மேல கொசுவலை அடிச்சு வெச்சிருக்கறனுங்க. அடியில மட்டும் ஒரு வெரல் சந்து. கெட்டி அட்டை அதுல நொழையாது. பிச்சுக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்தா நொழையும். நீங்க சைக்கிள்ல பையை மாட்டிக்கிட்டு ஊடு ஊடாப் புஸ்தகம் கொண்டுக்கிட்டுப் போறவங்க, ஒரு வாடிக்கைக்காக நல்ல புஸ்தகத்தையே பிச்சுப்போட்டீங்க. தப்புச் சொல்லலீங்க்கா. யாவாரத்துல இத்தனை அக்கறை இருக்கற ஆளை நான் பாத்ததில்லைன்னு சொல்றேன்.

ஏன் சன்னல் வழியாக் குடுத்தீங்கன்னு நான் கேக்க மாட்டேன். கதவுதான் பூட்டியிருக்குமே. நான் மில்லுக்குப் போறப்பப் பூட்டிட்டுப் போவேன், வந்து தெறப்பேன். உடனே நீங்க என்னமோ கொடுமைன்னு நெனச்சுக்கப்படாது. எங்க பக்கம் ஊடுக எல்லாம் தள்ளித் தள்ளி இருக்குது. காலமும் கெட்டுக் கெடக்குது. ஆரு வர்றா, ஆரு போறான்னு ஒரு பொம்பள தனியா இருந்துக்கிட்டுப் பாக்க முடியுமுங்களா? பூட்டும் சாதாரணப் பூட்டில்ல, மில்லு குடோனுக்குப் போடற பித்தளைப் பூட்டு, சொல்லி வாங்கினேன். உள்ள அவளுக்கு என்ன கொறை? டீவி இருக்குது. மிக்சி இருக்குது. பேச்சுத் தொணைக்குச் சாயங்காலமானா நான் வந்தர்றேன்.

உள்தாப்பாளைக் கூடக் கழட்டிட்டனுங்க. எதுக்குன்னு கேளுங்க. அவ உள்ள தாப்பாள் போட்டுட்டு மயங்கிக் கியங்கி விழுந்துட்டான்னா, நான் எப்படி உள்ள போறது? அத்தனை தூரம் ரோசனை பண்ற ஆளுங்க நான். என்ற தங்கச்சி ஊட்டுக்காரன் இருக்கறான், குடிச்சுப்போட்டு வந்து அடிக்கறான். நான் ஒரு நாளாவது கையை நீட்டியிருப்பனா? நீங்களே சன்னல்ல நின்னு பாத்திருப்பீங்களே, அவ மேல ஒரு காயம், ஒரு தழும்பு இருந்துச்சா?

சரி, கேளுங்க.

வெள்ளிக்கெழமையானா மாரியம்மன் கோயிலுக்கு நானே கூட்டிக்கிட்டுப் போவேன். கையோட கூட்டிக்கிட்டுப் போயி, கையோட கூட்டிக்கிட்டு வந்துருவேன். வெறுங்காலோடதான் வருவா. ஊட்டுக்குள்ளயே இருக்கறவளுக்குச் செருப்பு எதுக்குங்க? போன வெள்ளிக்கெழமையும் அப்படித்தான் போனோம். நான் அர்ச்சனைச் சீட்டுக்கு வரிசையில நிக்கறேன். பக்கத்துல வந்தா. என்ற மொகத்தைப் பாத்து, "போறேன்"னா.

எனக்குச் சுருக்குனு ஆயிப்போச்சுங்க்கா. வெள்ளிக்கெழமை அதுவுமா, அம்மன் சந்நிதியில நின்னுக்கிட்டு, தாலி கட்டின பொம்பள பேசற பேச்சுங்களா அது? எழவு ஊட்டுல இருந்துதான் சொல்லாமக் கொள்ளாமப் போவாங்க. மத்த எங்க இருந்து கெளம்பினாலும் 'போயிட்டு வர்றேன்'னுதான சொல்லோணும்? கொழந்தைக்குக் கூடத் தெரியும். சுத்தியும் ஆளு நிக்குது. நான் மெதுவாத்தான் சொன்னேன். "போறேன்னு சொல்லப்படாது சாந்தாமணி. போயிட்டு வர்றேன்னு சொல்லு."

மறுக்காவும், "போறேன்"னா.

நானும் உடல. சின்னப் புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கறாப்ல சொல்லிக் குடுத்தேன். 'போயிட்டு', அப்பறம் 'வர்றேன்'. இதுல என்ன கஷ்டம் இருக்குதுங்க? அவ என்ற மூஞ்சியப் பாத்தா. அப்பறம் திரும்பிப் பிரகாரத்துப் பக்கம் நடந்து போனா. சரி, சுத்திட்டு வரட்டும்னு இருந்துட்டேன். வரிசை நகருது. நான் சீட்டை வாங்கறேன், அப்பவும் மனசுல இதுதான் ஓடுது, இந்த வார்த்தையை எங்க இருந்து புடிச்சா, எப்படி இதைத் திருத்தறதுன்னு. பூசாரி தட்டைக் கையில குடுத்தாரு. அவ வரல.

கோயிலடைக்கற வரைக்கும் நின்னனுங்க. தேங்காமூடி கையில இருக்குது. அவ வரல.

பல்லடத்துல அவ அண்ணன் இருக்கறான். ஓடிப் போயிக் கேட்டேன். "இங்க வரலீங்க மாப்ள. நீங்கதான கண்ணாலத்துக்குப் பொறகு அனுப்பவே இல்ல, இங்க வர வழி அவளுக்கு நாவகம் இருக்குமா?"ன்னு கேக்கறான். கேக்கற கேள்வியப் பாருங்க. உங்ககிட்டயும் கேட்டுடறேன், மனசுல வெச்சுக்கப்படாது. அவ இங்க வந்தாளாங்க்கா?

இல்லீங்களா. இல்லீன்னா இல்லதான். நானே நெனச்சேன். நீங்க புஸ்தகம் குடுக்கறவங்க, அவ வாங்கறவ, அத்தோட சரி. இந்தத் தெரு எங்க இருக்குதுன்னே அவளுக்குத் தெரியாது. ஆரையாவது நிறுத்தி வழி கேக்கற வாயும் கெடையாது. இந்த ஊர்ல அவளுக்குத் தெரிஞ்ச மனுசன் நான் ஒருத்தன்தான்.

அது என்னங்க?

மேலதான். இல்லீங்க, மாடியில. ஆரோ நடந்தாப்ல கேட்டுச்சு.

பூனைங்களா? சரி. பூனைன்னா சரி. காது இப்பெல்லாம் அப்படி ஆயிப்போச்சுங்க எனக்கு. எல்லாம் இந்தப் புஸ்தகம் பண்ணின வேலை.

அவ போன பொறகு ஊட்டை ஒட்டுக்காப் பொறட்டிப் பாத்தேன், அப்பத்தான் இது கெடைச்சுது. கடைசிக் கட்டு மேலயே இருந்துச்சு. அப்ப முழுசையும் படிச்சு முடிச்சிருக்கறா. சரி, அவ புத்தியக் கெடுத்தது என்னன்னு பாத்துரலாம்னு நானும் உக்காந்தேன். நான் கதைப் புஸ்தகம் படிக்கற ஆளில்லீங்க. ஆனா எடுத்தா முடிக்காம வெக்க மாட்டேன்.

நீங்க படிச்சிருப்பீங்க. இருந்தாலும் சொல்றேன், ஒரு ஆம்பளை படிச்சா எப்படிப் படும்னு தெரிஞ்சுக்கோணுமில்ல நீங்க. மலை மேல வெள்ளைக் கல்லுல கட்டின பங்களா. எஸ்டேட் மொதலாளி விஜயரங்கன். மொதப் பொண்டாட்டி செத்துப்போயி ரெண்டாந்தாரமா மிருணாளினின்னு ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டு வர்றான். மாடியில மேக்கால ஒரு ரூமு, எப்பவும் பூட்டியே கெடக்குது. சாவி அவன் இடுப்புல. பொழுது சாஞ்சா அந்தப் பூட்டின ரூமுக்குள்ள ஆரோ நடக்கறாங்க. இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு, அந்த மூலையில இருந்து இந்த மூலைக்கு. கீழ படுத்திருக்கற பொண்ணு மேலயே பாத்துக்கிட்டுக் கெடக்குது.

ஆரம்பம் நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லப்படாது. ஆனா இந்த மனுசன் எழுதறது இருக்குதே, பனி பனின்னு எழுதறான், பக்கம் பக்கமா. பனி சன்னல்ல வந்து மூச்சு உட்டுச்சாம். பனிக்கு ஏதுங்க மூச்சு? அப்பறம் மெழுகுவத்தி. அந்தப் பொண்ணு ராத்திரியானா ஒரு மெழுகுவத்தி ஏத்திக்கிட்டுச் சுத்துது, அணைஞ்சா இன்னொண்ணு ஏத்துது. இத்தனை மெழுகுவத்தி ஆரு வாங்கி வெச்சாங்க, எந்த ரூம்ல இருக்குது, ஒரு வரி சொல்லோணுமில்ல? எங்க மில்லு ஸ்டோர்ல இப்படி ஒருத்தன் எடுத்திருந்தா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருப்பாங்க.

பேய் எப்ப வரும், எப்ப வரும்னு நானும் திருப்பறேன், திருப்பறேன். வரவே மாட்டீங்குது. சத்தம் வருது, பேய் வரல. ஏமாத்து வேலைதானுங்களே?

அந்த விஜயரங்கனைப் பத்தித்தான் எனக்கு வெசனம். அவன் என்னங்க தப்புப் பண்ணினான்? பொண்டாட்டிக்குப் பட்டு வாங்கிக் குடுக்கறான். ஒரு கெட்ட வார்த்தை பேசறதில்ல. 'வெளியே பனி அதிகம், போகாதே'ங்கறான். 'மாடிக்குப் போகாதே, படி வழுக்கும்'ங்கறான். அக்கறையில்லாதவன் பேசற பேச்சா இது? ஆனா எழுதினவனுக்கு அவனைக் கண்டாலே ஆகல. அவன் சிரிச்சாலும் கோணலாச் சிரிச்சான்னு எழுதறான். சாவியத் தொட்டுப் பாத்துக்கிட்டான்னு எழுதறான். சாவி இடுப்புல இருந்தா ஆராயிருந்தாலும் தொட்டுப் பாப்பாங்க. நானும்தான் பாப்பேன். இதா, இப்பக் கூடப் பாத்தேன்.

அந்த பங்களாவுல மாடசாமின்னு ஒரு சமையக்காரன் வர்றான். அவன் ஒரு எடத்துல சொல்லுவான், அது மட்டும் எனக்கு அப்படியே மனப்பாடம் ஆயிப்போச்சுங்க்கா. மொதப் பொண்டாட்டி எப்ப வாசல் தாண்டினாலும் 'போய்விட்டு வருகிறேன்'னு சொல்லிட்டுத்தான் போவாளாம். கடைசியா ஏரிக்குப் போன அன்னைக்கும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனாளாம். பொணமாத்தான் கொண்டாந்தாங்க. அதனாலதான் அவ ஆவி இந்த ஊட்டை உட்டுப் போக முடியலீங்கறான். 'சொல்லிவிட்டுப் போனவள் வந்துதானே அம்மா ஆகவேண்டும்'னு கேக்கறான். அந்த எடத்துல எனக்கு முடியெல்லாம் எந்திரிச்சு நின்னுபோச்சுங்க.

பாருங்க, நீங்களும் மேல பாக்கறீங்க.

முடிவைக் கேளுங்க, அதுதான் பெரிய அநியாயம். அந்தப் பொண்ணு எப்படியோ சாவிய எடுத்து மேக்கு ரூமைத் தெறந்துருது. உள்ள என்ன இருக்குதுங்கறீங்க? ஒண்ணுமில்ல. எலும்புக்கூடு இல்ல, ரத்தம் இல்ல, கண்ணாடிக்குள்ள உருவம் இல்ல. சன்னலுக்கும் கதவுக்கும் நடுவுல தரை மட்டும் தேஞ்சு கெடக்குதாம், நடந்து நடந்து. அதைப் பாத்துட்டு அந்தப் பொண்ணு கீழ உக்காந்து அழுகுது. எதுக்குங்க அழுகோணும்? தரை தேஞ்சதுக்கா? ஒரு கொத்தனாரைக் கூப்புட்டாச் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறான். என்ற ஊட்டுலயும்தான் செவப்பு சிமிட்டி போட்ட தரை, சன்னலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல மட்டும் சாயம் போயிப் பாதையாட்டம் தெரியுது. புஸ்தகத்தை முடிச்சுட்டுக் கீழ வெக்கறப்பத்தான் கண்ணுல பட்டுது. போட்டவன் சரியாப் போடல. நான் உக்காந்து அழுதனா?

அப்பறம் என்ன பண்ணுது அந்தப் பொண்ணு? மந்திரவாதியக் கூப்புடுதா, இல்ல. பூசை போடுதா, இல்ல. நேரா வாசலுக்கு வருது. விஜயரங்கன் நிக்கறான். அவனைப் பாத்து 'போகிறேன்'னு சொல்லுது. அவ்ளோதான். பனிக்குள்ள எறங்கி நடந்து போயிருது. முற்றும்னு போட்டுட்டான். அந்த ஒத்தை வார்த்தையில பேய் புடியில இருந்து தப்பிச்சுட்டாளாம். இதெல்லாம் ஒரு முடிவுங்களா? அந்தப் பங்களாவுல தனியா நிக்கறானே ஒருத்தன், அவன் கதி என்ன? அதை ஆரும் எழுதல.

இங்க இருந்துதான் அவ அந்த வார்த்தையைப் புடிச்சிருக்கறா. இத்தனை நாளா ஒழுங்காப் பேசிக்கிட்டு இருந்தவ. புஸ்தகத்துல ஒருத்தி சொன்னான்னு இவளும் சொல்லிட்டா. அதுக்கு என்ன அர்த்தம்னு கூட அவளுக்குத் தெரிஞ்சிருக்காது. அதுக்குத்தான் அவளைக் கண்டுபுடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தரோணுங்கறேன். வெளிய என்ன பண்ணுவா அவ?

உண்மையச் சொல்லட்டுங்களா? உங்களைப் பாத்தா அக்காளாட்டம் இருக்கறீங்க, சொல்றேன். எனக்கு இப்ப ஊட்டுக்குப் போகப் பயமா இருக்குதுங்க. காலையில பழக்கத்துல பூட்டிட்டுப் போயர்றேன். சாயங்காலம் வந்து சாவிய எடுத்தா, கை போக மாட்டீங்குது. உள்ள ஆருமில்லைன்னு தெரியும். நானே பூட்டின ஊடு. இருந்தாலும் கதவுல காதை வெச்சுக் கேக்கறேன். நேத்து என்ன பண்ணினேன்னு சொன்னாச் சிரிப்பீங்க. கதவைத் தட்டினேன். ஆரும் தெறக்கல. சாயங்காலமானா அவ உள்ள நடக்கற சத்தம் வாசல் வரைக்கும் கேக்கும். எதுக்கு இப்படி இங்கயும் அங்கயும் நடக்கறே, ஒரு எடத்துல உக்காருன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கறேன். இப்ப அந்தச் சத்தம் இல்லாமப் பூட்டைத் தெறக்க முடியல.

கேட்டீங்களா.

இப்பக் கேட்டுச்சு, பொய் சொல்லாதீங்க. பூனை இப்படி நடக்காது. அந்த மூலைக்குப் போகுது, திரும்புது, இந்த மூலைக்கு வருது. இதா என்ற தலைக்கு நேரா. நான் பேசினா நடக்குது.

நின்னுபோச்சு. நான் பேச்சை நிறுத்தினதும் நின்னுபோச்சு பாருங்க!

அக்கா, நீங்க இந்த ஊட்டுல தனியாத்தான இருக்கறீங்க? ஊட்டுக்காரர் காலமாகி நெம்ப நாளாச்சுன்னு முக்குக் கடையில சொன்னாங்க. மேல ஆரும் குடியில்லைன்னும் சொன்னாங்க. அப்ப ஆருங்க நடக்கறது? உங்களுக்கும் தெரியுமா? தெரிஞ்சும் எப்படீங்க இதுக்குள்ள இருக்கறீங்க?

இருங்க, நான் போயிப் பாத்துட்டு வர்றேன். நீங்க ஒரு பொம்பள, தனியாப் பயந்துக்கிட்டு இருக்கறீங்க. ஒரு ஆம்பளை வந்த எடத்துல சும்மா உக்காந்திருக்கலாமா? நகருங்க. படியை மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க. எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. இதெல்லாம் போயி நேராப் பாத்துட்டா ஒண்ணுமிருக்காது. நகருங்கன்னு சொல்றனில்ல. மெதுவாத்தான் சொல்றேன்.

ஐயோ.

அது என்ன சத்தம்? கேட்டுச்சா உங்களுக்கு? உள்ள இருந்து தாப்பாள் போடற சத்தம். கெட்டித் தாப்பாள். உள்பக்கமாப் போட்டுது.

அம்மா, தாயே, மாரியாத்தா. அந்தப் புஸ்தகத்துலயும் இதேதானுங்க. மாடிப்படியில விஜயரங்கன் மொதப் படியில காலை வெக்கறான், மேல தாப்பாள் விழுகுது. வெளிய பூட்டு தொங்குது, உள்ள இருந்து தாப்பாள் விழுகுது. அவன் அந்தப் படியில இருந்து மேல ஏறவே இல்ல. அந்த எடத்துல நான் அவனைக் கோழைன்னு நெனச்சேன். இப்பத்தான தெரியுது. என்ற கால் இந்தப் படியில ஒட்டிக்கிட்டு எந்திரிக்க மாட்டீங்குது. உள்ள போயித் தாப்பாளைப் போட்டுக்கற பேயை ஒருத்தன் என்னங்க பண்ண முடியும்?

தண்ணி வேண்டாம். வேண்டாமுங்க. நான் வாசலுக்கே போயர்றேன். இங்க வெளிச்சம் இருக்குது. இங்க நின்னா மூச்சு வருது.

நீங்க எப்படி இத்தனை அமைதியா நிக்கறீங்க? பழகிப்போச்சாட்டம் இருக்குது உங்களுக்கு.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அதை அப்படியே உடப்படாது. இன்னைக்கு மேல நடக்கறது நாளைக்குக் கீழ வரும், அப்பறம் வெளிய போகும், ஊர்ல நாலு ஊட்டுக்குள்ள நொழையும். என்றகிட்ட அந்தப் பூட்டு இருக்குதில்ல, குடோன் பூட்டு, அதை உங்களுக்குக் கொண்டாந்து தர்றேன். எனக்கு இனி எதுக்குங்க அது? காலி ஊட்டைப் பூட்டி என்ன பண்றது? மாடிக் கதவுக்கு வெளிப்பக்கமா ஒரு கொண்டி அடிச்சு, நானே மாட்டித் தர்றேன். வெளிய பூட்டிட்டா உள்ள இருக்கறது உள்ளயேதான் இருக்கும். உங்களுக்கும் நிம்மதி. சாவிய வேணும்னா நானே வெச்சுக்கறேன். அனுபவப்பட்டவன் சொல்றனுங்க, இதுல என்னை நீங்க நம்பலாம்.

வேண்டாமுங்களா? கூச்சப்படாதீங்க. மனுசனுக்கு மனுசன் ஒரு ஒத்தாசை.

புஸ்தகத்தை மேசை மேல வெச்சிருக்கறேன். அதை இனி ஆருக்கும் குடுத்தர்றாதீங்க. அவளைப் பத்தி ஏதாவது தகவல் தெரிஞ்சா மில்லுக்கு ஒரு ஆளை அனுப்புங்க. நானும் அவ கெடைக்கற வரைக்கும் இந்தப் பக்கம் வந்து போயிக்கிட்டுத்தான் இருப்பேன். ஏன்னே தெரியலீங்க, இந்த ஊட்டுல உக்காந்திருந்தப்ப மனசுக்குக் கொஞ்சம் அவ பக்கத்துல இருக்கறாப்லயே இருந்துச்சு. பயமும் இருந்துச்சு, அதுவும் இருந்துச்சு.

சரிங்க்கா. வெள்ளிக்கெழமை பூட்டோட வர்றேன்.

என்னது?

'போங்க'ன்னா சொன்னீங்க? இப்பத்தான இத்தனை நேரம் அதைப் பத்தியே பேசினேன். ஒறம்பரையா, விருந்தாளியா வந்த ஆளைப் போங்கன்னு அனுப்புவாங்களா? 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லுங்க. ரெண்டே வார்த்தை. உங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கோணுமா?

சொல்ல மாட்டீங்களா. சரி, உடுங்க. நீங்க சொல்லாட்டிப் போகுது. என்ற வாயில அந்தக் கெட்ட வார்த்தை வராதுங்க.

போயிட்டு வர்றனுங்க்கா. நான் சொல்லிட்டேன். சொல்லிட்டுப் போனவன் வந்துதானுங்களே ஆகோணும்?